படுதாக் கயிறும் உருவு முளையும்

பள்ளி ஆண்டு விழா நடக்கிற ஹாலில் மேடையின் பக்கவாட்டுக்குப் போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பின்னணிப் படுதாவைத் தூக்கிய கயிறு ஜன்னல் கம்பியில் நாலு சுற்று சுற்றியிருக்கும். அதன்மேல் மூன்று முடிச்சு. அப்புறமும் நம்பிக்கை வராமல் மிச்ச வாலைப் பக்கத்துக் கம்பியில் வேறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். சேலம் டவுனுக்குள் ஆனாலும் ஏற்காட்டு மேலே ஆனாலும் இதே காட்சிதான்.

கட்டு பலவீனம் என்று சொல்ல முடியாது. தாங்கும். படுதாவை இறக்கணும் என்கிறபோதுதான் வினை. முடிச்சை அவிழ்க்கக் கயிறு தளர வேண்டும். கயிறு தளர யாராவது பாரத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருத்தர் கயிற்றில் தொங்க, இன்னொருத்தர் நகத்தாலும் பல்லாலும் முடிச்சோடு மல்லுக்கட்ட, கடைசிச் சுருக்கு விட்ட கணத்தில் மொத்த எடையும் ஒரே வீச்சில் கைக்கு வரும். உள்ளங்கைத் தோல் உரிவது அப்போதுதான்.

பாய்மரக் கப்பல்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். முடிச்சே போடாமல் கட்டுவது. கப்பலின் பக்கச் சுவரை ஒட்டியும் பாய்மரத்தின் அடியைச் சுற்றியும் தடித்த சட்டம் ஓடும். அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் மேலிருந்து செருகிய ஒரு கட்டை. கயிற்றை அந்தக் கட்டையில் '8' வடிவில் எட்டு எட்டாகச் சுற்றிவிட்டால் தீர்ந்தது, உராய்வு பிடித்துக்கொள்ளும். இதே ஏற்பாடு பழைய நாடக அரங்குகளிலும் அப்படியே உண்டு. கயிறு, கப்பி, சட்டம், கட்டை எல்லாம் கப்பல் சாமான்தான். இந்தியக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான ஐ.என்.எஸ். தரங்கிணி 1997-இல் சேவைக்கு வந்தது. மூன்று பாய்மரம் கொண்ட அந்தக் கப்பலில் பாயை ஏற்றுகிற ஆஞ்சான் கயிறுகளுக்கு இன்றைக்கும் இந்தக் கட்டைகள்தான்.

இதன் ஆங்கிலப் பெயர் பிலேயிங் பின். தமிழில் 'பின்' என்று எழுதினால் 'பிறகு' என்று படித்துக் குழம்புகிறோம், அதனால் முளை என்றே எழுதுகிறேன். மாடு கட்டுகிற முளை நினைவுக்கு வந்தால் தப்பில்லை. அது தரையில் அறைந்தது, இது கையால் உருவக்கூடியது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் முழு உபயோகமும் இருக்கிறது.

முதலில் எடைக் கணக்கு. 24 அடி அகலம், 14 அடி உயரத்தில் பெயின்ட் அடித்த கான்வாஸ் படுதா என்றால் துணி மட்டும் 15 கிலோ சுமார். மேலே கோர்க்கிற ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், மீடியம் கிளாஸ், 26 அடிக்கு 28 கிலோ. கீழே விறைப்புக்குப் போடுகிற முக்கால் அங்குலப் பைப் 12 கிலோ. ஆக 55 கிலோ. துணியைவிட இரும்புதான் கனம் என்பதைக் கவனியுங்கள். பைப்புக்குப் பதில் நல்ல கெட்டி மூங்கில் போட்டால் மொத்தமே முப்பது கிலோவைத் தாண்டாது, இரண்டு பேர் சிரமமில்லாமல் இழுப்பார்கள். பள்ளி மேடைக்கு மூங்கிலே போதும் என்பது என் கட்சி. இருந்தாலும் கணக்கை 55 கிலோவுக்கே போடுவோம், அதுதான் பத்திரம்.

முளை எப்படி இந்தப் பாரத்தை அடக்குகிறது? உருளையான ஒரு பொருளைக் கயிறு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இழுவை கழித்தல் கணக்கில் குறையாது, வகுத்தல் கணக்கில் குறையும். உராய்வு எண் (கயிறும் முளையும் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்கிற அளவு) 0.25 என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்றுக்கு 4.8-ஆல் வகுக்க வேண்டும். 55 கிலோ முதல் சுற்றில் பதினொன்றரை ஆகிறது. இரண்டாவதில் 2.4 கிலோ. மூன்றாவதில் அரைக் கிலோ. முளையின் கீழ்ப்பாதியில் ஒரு வளைவு, மேல்பாதியில் ஒரு வளைவு என்று ஒரு எட்டு முழுமையானால் ஏறக்குறைய ஒரு சுற்றுக்குச் சமம். மூன்று எட்டுப் போட்டால் சின்னப் பையன்கூட ஒரு விரலில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு எட்டும் அவிழ்க்கிற நேரத்தைத்தான் கூட்டும்.

இதே கணக்கை வழுவழுப்பான கயிற்றுக்குப் போட்டுப் பாருங்கள். உராய்வு எண் பாதியாகிவிட்டால் ஒரு சுற்றுக்கு 2.2 மடங்குதான் குறையும். மூன்று சுற்றுக்கு அப்புறமும் கையில் 5 கிலோ நிற்கும். கயிற்றையும் முளையையும் ஏனோதானோவென்று தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மரத்தைப் பார்ப்போம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதில் கடையச் சொல்லாதீர்கள். இலகு மரம், கயிறு அறுத்த இடம் சீக்கிரம் பள்ளமாகும். வண்டிச் சக்கரத்துக்கும் கருவிக் கைப்பிடிக்கும் போகிற கருவேலம் இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். புளியமரத்து வைரமும் சரிதான். எதுவானாலும் முடிச்சு இல்லாமல், நார் நேராக ஓடுகிற துண்டாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். கடைசல் பட்டறையில் கொடுக்கிற அளவு இது: மொத்த நீளம் 16 அங்குலம். அதில் மேல் கைப்பிடி ஆறரை அங்குலம், நடுவில் ஒன்றரை அங்குலம் வரை புடைத்திருக்கும். அதற்குக் கீழே சட்டத்தில் உட்காருகிற தோள். தோளுக்குக் கீழே ஒன்பதரை அங்குலத் தண்டு, ஒரு அங்குல விட்டம், நுனி மட்டும் சற்றே கூம்பி மழுங்கியது. தோள் இல்லாமல் வெறும் கம்பாகக் கடைந்தால் கயிறு தளர்ந்த நேரத்தில் துளை வழியே நழுவி யார் காலிலாவது விழும்.

வார்னிஷ் அடிக்க வேண்டாம். பளபளப்பு அழகாக இருக்கும், பிடிக்காது. லின்சீட் ஆயிலை மெலிதாகத் தேய்த்து ஒரு வாரம் காயவிட்டால் போதும்.

சேலத்தில் மரத்தைவிட வெல்டிங் பட்டறை பக்கம். ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பை 16 அங்குலத்துக்கு வெட்டி, நடுவில் தடித்த வாஷர் ஒன்றைத் தோளாகப் பற்றவைத்தால் முளை ரெடி. வெளிவிட்டம் கிட்டத்தட்ட 34 மி.மீ. வரும், துளையை அதற்கேற்பப் போட வேண்டும். இரண்டு முனையையும் மூடிப் பற்றவைத்து அரம் போட்டு உருட்டிவிடுங்கள். வெல்டிங் பொட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆறு மாதத்தில் கயிற்றின் ஒரு புரியை அது தின்றிருக்கும். ஊர்ப் பெருமைக்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து பாலிஷும் போடலாமே என்று ஒரு ஆசை வரும். பாலிஷ் போட்ட ஸ்டீலில் கயிறு வழுக்கும். மரத்துக்கு மூன்று எட்டு என்றால் அதற்கு நாலைந்து வேண்டியிருக்கும்.

சட்டம்தான் அதிகம் தப்பாகிற இடம். 8 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனத்தில் தேக்கு. இரண்டு ஓரத்திலும் அரை அடி விட்டு, அடிக்கு ஒரு துளை என்றால் எட்டு முளை. ஒரு அங்குலத் தண்டுக்கு 27 மி.மீ. துளை போட்டால் கையால் தூக்கியதும் எழும்பி வரும். மலைமேல் மழைக்காலத்தில் மரம் உப்புகிற உப்புக்கு இன்னும் அரை மி.மீ. கூட்டிக்கொள்ளலாம். இறுக்கமாகப் போட்டுவிட்டு அக்டோபர் மாதத்தில் சுத்தியலால் தட்டி எடுக்கிற முளை, முளையே அல்ல. மேடைத் தரையிலிருந்து சட்டம் மூன்றடி உயரத்தில் இருக்கட்டும்.

இந்தச் சட்டத்தைத் தச்சர் கையில் கொடுத்தால் அலமாரிப் பலகை மாட்டுகிற மாதிரி கீழே முட்டுக் கொடுத்து மேலே வைத்துவிடுவார். அவர் வாழ்நாளெல்லாம் கண்ட பாரம் கீழ்நோக்கி அழுத்துகிற பாரம். இங்கே நிலைமை தலைகீழ். கயிறு கூரைக் கப்பியிலிருந்து வருகிறது, சட்டத்தை மேலே பிடுங்குகிறது. நாலு படுதாவுக்கு 220 கிலோ, இடைவிடாமல் மேல்நோக்கி. யாராவது ஒரு கயிற்றை வெடுக்கென்று விட்டுப் பிடித்தால் அந்தக் கணத்தில் அந்தக் கயிற்றின் பாரம் இரண்டு மூன்று மடங்காகும். ஆகவே பிடிமானம் சட்டத்துக்கு மேலே கொக்கி போல வளைந்து வந்து அமுக்க வேண்டும். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டை நாலு, ஒவ்வொன்றும் இரண்டு 12 மி.மீ. போல்ட்டில். போல்ட் சுவரைத் துளைத்து மறுபுறம் போய் நாலங்குலச் சதுரத் தகட்டில் முறுக்கப்பட வேண்டும். செங்கல் சுவரில் ராவல் பிளக் அடித்து ஸ்க்ரூ முடுக்குவது இங்கே உதவாது. பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சுவரையே நம்பாமல், மேடைத் தரையின் காங்கிரீட்டில் ஊன்றிய இரண்டு இரும்புக் கால்களில் சட்டத்தைப் பூட்டுவது நல்லது.

கூரையையும் மறக்கக் கூடாது. கயிறு படுக்கையாக வந்து கீழே திரும்புகிற பக்கக் கப்பியின் மேல் விழுவது 55 கிலோ அல்ல; அதன் 1.4 மடங்கு, 78 கிலோ. படுதாவுக்கு நேர் மேலே இருக்கிற கப்பிகளுக்கும் இதே விகிதம். தகரக் கூரைக்காகப் போட்ட மெலிந்த பைப் கூரைச் சட்டகத்தில் நாலு படுதாவைத் தொங்கவிடும் முன் ஒரு கட்டடப் பொறியாளரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படுதாவுக்கு மூன்று கயிறு: குட்டை, நடு, நெட்டை. முளைக்குப் பக்கத்தில் இறங்குவது குட்டை, எதிர்ப்பக்கம் போவது நெட்டை. பைப்பின் இரு முனையிலிருந்தும் இரண்டடி உள்ளே தள்ளி ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. கப்பி உயரம் 20 அடி, படுதா மாட்டுவதற்குப் பைப் 4 அடி உயரம் வரை இறங்கி வரணும், பக்கக் கப்பியிலிருந்து முளைக்கு 17 அடி, கட்டவும் பிடிக்கவும் 8 அடி வால். பக்கக் கப்பியிலிருந்து கயிறுகள் முறையே 5, 16, 27 அடி படுக்கையாக ஓடும். கூட்டினால் குட்டை 46 அடி, நடு 57, நெட்டை 68. ஒரு படுதாவுக்கு 171 அடி, அதாவது 52 மீட்டர்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கயிறு கிலோ கணக்கில் வாங்குகிறபோது இதைக் கிலோவாக மாற்றத் தெரிய வேண்டும். 12 மி.மீ. பாலியஸ்டர் மீட்டருக்கு 110 கிராம் சுமார், ஒரு படுதாவுக்கு ஆறு கிலோ எடுத்தால் சரியாக இருக்கும். அதே தடிப்பில் பாலிபுரோப்பிலீன் மீட்டருக்கு 65 கிராம்தான். விலையும் மலிவு, கிலோவுக்கு நீளமும் அதிகம், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். மேடைக்கு மட்டும் வேண்டாம். வழுக்கும், வெயில் பட்டால் நொறுங்கும், 165 டிகிரி வாக்கில் உருகும். பாரத்தோடு முளையில் வேகமாக ஓடவிட்டால் உராய்கிற இடம் அந்தச் சூட்டை எட்டிவிடக்கூடும். அப்புறம் கயிற்றில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு தெரியும். தெரிந்தால் அந்தக் கயிறு முடிந்தது. கடைக்காரர் பாலியஸ்டர் என்று சொல்லிக் கொடுப்பதைச் சோதிக்க ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன்.

நைலான் ரொம்பக் கெட்டி, ஆனால் நீளும். ராத்திரி தரையைத் தொடாமல் கட்டிவிட்டுப் போன படுதா காலையில் கீழே மடிந்து கிடக்கும். மணிலா கைக்கு இதமானது, முளையில் அதைப்போல் பிடிப்பது எதுவும் இல்லை. சேலம் வெயிலில் அது நல்ல கயிறு. ஏற்காட்டில் பனிமூட்டம் ஹாலுக்குள்ளேயே வந்து உட்காருகிற மாதங்களில் அது ஈரம் குடித்துத் தடித்து நீளத்தில் சுருங்கும். நீளத்துக்குத் தக்கபடி சுருங்குவதால் 68 அடி நெட்டை 46 அடி குட்டையைவிட அதிகமாகச் சுருங்கி, படுதா எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். யார் கயிற்றைத் தொட்டது என்று சண்டை வருவதற்கு முன் வானத்தைப் பார்க்க வேண்டும். மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைமேல் திறந்தவெளிப் பந்தல் போடுகிறவர்களுக்கும் இதே விஷயம்தான்; பகல் வெயிலில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பருத்திக் கயிறு சாயங்கால மழையில் தரையில் அறைந்த முளையையே பிடுங்கிவிடும். மழை வரும்போது கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.

12 மி.மீ. எதற்கு, கயிறு ஒன்றுக்கு 18 கிலோதானே, 6 மி.மீ. போதாதா என்று கேட்கலாம். அறாது. ஆனால் மெல்லிய கயிறு விரலை அறுக்கும், இறுக்கிப் பிடிக்க வராது. தடிப்பு வலுவுக்காக அல்ல, கைக்காக. வலுவில் 12 மி.மீ. மணிலா அறுவதற்கு ஒரு டன் அளவு வேண்டும், பத்தில் ஒரு பங்கைத்தான் ஏற்றலாம் என்று வைத்தால் 100 கிலோ. முடிச்சு போட்ட இடத்தில் வலு பாதி வரைகூடக் குறையும். ஆகவே பைப்பில் கட்டுகிற முனையை வெறும் முடிச்சாக விடாமல் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள், குறைவு குறையும்.

இனி கட்டுகிற முறை. பைப்பைத் தரையருகே வைத்துப் படுதாவைக் கோர்த்தபின், மூன்று கயிற்றையும் சேர்த்து இழுத்துத் தேவையான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருத்தர் எதிரே நின்று மட்டம் பார்ப்பார்.

"அண்ணா, நெட்டை ஒரு விரக்கடை ஏத்துங்க."

"இப்ப?"

"நடு தொய்யுதுங்க... ம், போதும், பிடிச்சுக்குங்க."

மட்டம் வந்ததும் சட்டத்துக்குச் சற்று மேலே மூன்று கயிற்றையும் சிவப்பு நூலால் சேர்த்துச் சுற்றிக் குறி வைத்துவிடுங்கள். அடுத்த முறை இந்தப் பேச்சுவார்த்தை தேவைப்படாது.

இப்போது முளை. கயிறு மேலிருந்து இறங்கி முதலில் போக வேண்டியது சட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற தண்டுக்கு. அதன் பின்பக்கமாக வளைத்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, சட்டத்தின் முகப்பில் குறுக்காக ஏற்றி, மேல் கைப்பிடியின் பின்னால் வளைத்து, மறுபடி குறுக்காக இறக்கி, கீழ்த்தண்டுக்கு. ஒரு எட்டு ஆயிற்று. முதல் வளைவைக் கைப்பிடியில் போட்டுத் தொடங்கினால் இழுப்பு முளையைத் துளையிலிருந்து தூக்கப் பார்க்கும். கீழே தொடங்கினால் அதே இழுப்பு சட்டத்தோடு சேர்த்து இறுக்கும். பாரம் அதிகம் என்றால் கீழ் வளைவு போட்டதுமே பிடித்திருப்பவர் மெதுவாகத் தளர்த்தலாம், முளை வாங்கிக்கொள்ளும். மூன்று எட்டு. மூன்று கயிறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும். ஏறினால் மேல் கயிறு கீழ்க் கயிற்றை நசுக்கி, அவிழ்க்கையில் சிக்கும்.

கடைசியில் கயிற்றைத் தன் அடியிலேயே செருகி ஒரு பூட்டு போட வேண்டுமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. கப்பலில் பாரக் கயிறுகளுக்கு வேண்டாம் என்பார்கள். நனைந்த கயிறு சுருங்கினால் பூட்டு இறுகி, அவசரத்தில் அவிழாது. நாடக மேடையில் பலர் போடுகிறார்கள், கையோ காலோ பட்டு எட்டு கழன்றுவிடக் கூடாதே என்று. பிள்ளைகள் ஓடியாடுகிற பள்ளி மேடையில் பூட்டு போடுவதே சரி என்பேன், ஆனால் மூன்று எட்டும் பாரத்தை முழுக்கத் தாங்கிய பிறகு மட்டும். முதல் எட்டிலேயே பூட்டினால் பாரம் பூட்டில் நிற்கும். பிறகு ஜன்னல் கம்பிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மிச்ச வாலை முளைப் பக்கமிருந்து நுனி நோக்கி வலஞ்சுற்றாகச் சுருட்டுங்கள். வழக்கமான வலமுறுக்குக் கயிறு அப்படித்தான் படியும், முறுக்கும் நுனி வழியே வெளியேறிவிடும். நுனியிலிருந்து தொடங்கினால் முறுக்கு முளைப் பக்கம் சேர்ந்து கொப்புளமாகும். சுருளுக்குள் கைவிட்டு, முளையை ஒட்டிய கயிற்றை ஒரு வளையமாக வெளியே இழுத்து, ஒரு முறுக்கு முறுக்கி, சுருளின் மேல் வழியாகக் கொண்டுவந்து கைப்பிடியில் மாட்டினால் தரை சுத்தம். தரையில் கிடக்கிற வாலில் ஒப்பனையோடு ஓடிவருகிற பாஞ்சாலியின் கால் மாட்டும்.

இறக்கும்போது சுருளை எடுத்துக் கவிழ்த்துத் தரையில் போடுங்கள். அப்போதுதான் முளைப் பக்கக் கயிறு மேலே வந்து தடையில்லாமல் ஓடும். கீழே நிற்பவர்களுக்குக் குரல் கொடுத்து, அவர்கள் ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு பூட்டு, பிறகு எட்டுகளை ஒவ்வொன்றாக. ஒன்றரைச் சுற்று மிஞ்சும்போது நிறுத்துங்கள். அந்த நிலையில் 55 கிலோவுக்குக் கையில் வருவது 5 கிலோதான். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் படுதா லிஃப்ட் மாதிரி இறங்கும். கை முளையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். விரல் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் போனால் கயிறு நிற்காது. தொளதொள உறையும் அப்படித்தான், உள்ளே இழுத்துக்கொண்டு போகும். போட்டால் கையோடு ஒட்டின தோலுறை, இல்லாவிட்டால் வெறுங்கை.

முளையை உருவிவிட்டால் எல்லாச் சுற்றும் ஒரே கணத்தில் உதிர்ந்துவிடும். கப்பலில் சூறைக்காற்று பாயைப் பிடுங்குகிறபோது அது உயிர் காக்கிற வசதி. மேடையில் அது 55 கிலோ கீழே விழுகிற வசதி. பாரம் இருக்கையில் முளையைத் தொடக் கூடாது என்று சட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

ஹாலின் உயரம் குறைவாயிற்றே, 14 அடிப் படுதா முழுசாக மேலே மறைய வேண்டுமானால் கூரை முப்பது அடிக்கு மேல் அல்லவா வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வழி இருக்கிறது. கீழ்ப் பைப்புக்கும் தனியாக மூன்று கயிறு கொடுத்து இரண்டாவது முளைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பைப்பும் 20 அடியில் நிற்கும்போது துணி பாதியாக மடிந்து 7 அடி தொங்கும், மடிப்பின் அடி 13 அடியில் இருக்கும். முன்னால் தொங்குகிற ஜாலரின் கீழ் ஓரத்தை 12 அடியில் வைத்தால் பார்வையாளருக்குத் தெரியாது. எட்டு முளைக்கு நாலு படுதா என்று மேலே சொன்ன கணக்கு இதனால்தான்.

மணல் மூட்டையை எதிர்ப்பாரமாகக் கட்டுகிற பழைய முறையும் உண்டு. சிமென்ட் சாக்கு நிறையக் காய்ந்த மணல் கொட்டினால் ஐம்பதைத் தாண்டும். படுதாவைவிட ஐந்து, பத்து கிலோ குறைவாக வைத்தால் படுதா தானாக இறங்கும், ஏற்றவும் லேசு. ஆனால் பைப்பிலிருந்து படுதாவைக் கழற்றிய மறுகணம் எதிரே மூட்டை இருப்பதை மறந்துவிட்டால் மூட்டை கீழே பாயும், வெறும் பைப் கூரையில் போய் மோதும். முதலில் மூட்டை, அப்புறம்தான் துணி என்கிற வரிசை பழகாத இடத்தில் இதை வைக்கக் கூடாது. முப்பது கிலோ மூங்கில் படுதாவுக்கு இது தேவையும் இல்லை.

முன் திரையை இழுக்கிற மெல்லிய கயிற்றுக்கு முளை அதிகப்படி. அதற்குக் கிளீட், இரண்டு கொம்பு நீட்டிய அந்த உலோகத் துண்டு போதும். ஏரியில் படகு கட்டுகிற துறைக்கும் அதேதான். கயிற்றின் விட்டத்தில் ஒவ்வொரு 1/16 அங்குலத்துக்கும் ஒரு அங்குலக் கிளீட் என்பது பழைய கணக்கு: திரையின் 8 மி.மீ. கயிற்றுக்கு 5 அங்குலம், படகின் 12 மி.மீ. கயிற்றுக்கு 8 அங்குலம். இழுப்பு வருகிற திசைக்கு நேராக வைக்காமல் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்துப் பொருத்த வேண்டும். நேராக வைத்தால் கயிறு தன்மேலேயே ஏறி நசுங்கும். கயிறு முதலில் தூரத்துக் கொம்புக்குப் போய், அடியை ஒரு சுற்று சுற்றி, பிறகு ஒரு எட்டு, பிறகு பூட்டு. பக்கத்துக் கொம்பில் தொடங்கினால் பாரத்தோடு அவிழ்க்க வராது. மர ஸ்க்ரூவில் முடுக்கிய கிளீட் ஒருநாள் கயிற்றோடு கையில் வரும். பலகையைத் துளைத்துப் போல்ட் போட்டு, அடியில் தகடு வையுங்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கயிற்றைச் சோதிக்க வேண்டும். வெளியே பார்த்தால் போதாது. முளையில் உட்காருகிற இடம், கப்பியில் ஓடுகிற இடம் இரண்டிலும் புரிகளை எதிர்த்திசையில் முறுக்கித் திறந்து உள்ளே பாருங்கள். மணிலாவில் மாவு மாதிரி தூள் கொட்டினாலோ நார் சாம்பல் நிறமாக இருந்தாலோ மாற்றுங்கள். எலி கடித்த இடம் பெரும்பாலும் மேலே, கப்பிக்கு அருகே இருக்கும். தரையில் நின்றால் தெரியாது, ஏணி போட்டுத்தான் ஆக வேண்டும். எல்லா முளைக்கும் எண் எழுதி, எந்த எண்ணில் எந்தப் படுதா என்று சட்டத்திலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். மேடையில் விளக்கை அணைத்த பிறகு தடவிப் பார்த்தே மூன்றாவது முளை எது என்று தெரிய வேண்டும் என்றால், அதன் கைப்பிடியில் மட்டும் சணல் நூலை இறுக்கி நாலு சுற்று சுற்றி வைத்துவிடுங்கள்.